அவருடைய போனுக்கு மட்டும் வராத செய்தி

டயாலிசிஸ் நோயாளிகளை வீட்டிலிருந்து ஏற்றிவரும் வேன்களில் ஒன்று, ஒரு திங்கட்கிழமை விடியற்காலையில், எங்கள் தீவின் மறுகோடியில் இருக்கும் பாலிக் புலாவுக்குப் போகவில்லை. அதை ஓட்டுபவர்தான் காரணம் என்று, நாங்கள் காலைத் தேநீர் குடித்து முடிப்பதற்குள் எங்கள் ஆப்பீசில் முடிவாகிவிட்டது. அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இது நடந்து சில வருடங்கள் ஆகின்றன. இன்றைக்கும் யாரிடமாவது சொல்லத் தொடங்கினால் என் குரல் ஏறிவிடுகிறது. எழுதினாலாவது நிதானமாகச் சொல்ல முடிகிறதா, பார்க்கிறேன்.

எங்கள் கம்பெனி சின்னது. ஜார்ஜ் டவுனில், லிட்டில் இந்தியாவிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு பழைய கடைவீட்டின் மாடி. கீழே சேலைக்கடை. தீபாவளி நெருங்கும்போது கடைக்காரர் ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டால், நாங்கள் ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் போனில் பேச முடியும். நான் அங்கே மென்பொருள் எழுதுகிறவள். முதலாளி ஐம்பது வயதைத் தாண்டிய தமிழர். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் மேலாளராக இருந்துவிட்டுச் சொந்தமாகத் தொடங்கியவர். அவரை நாங்கள் ‘போஸ்’ என்றுதான் கூப்பிடுவோம். எங்களுடைய பெரிய வாடிக்கையாளர், தீவில் சில இடங்களில் டயாலிசிஸ் நிலையங்கள் நடத்தும் ஒரு நிறுவனம். யார் எந்த நாளில் வர வேண்டும், யாரை எந்த வேன் ஏற்ற வேண்டும், ஓட்டுநரின் போனுக்கு எப்போது சொல்ல வேண்டும், வீட்டாருக்கு எப்போது சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் எங்கள் மென்பொருள் பார்த்துக்கொண்டது.

அது ஒரே பெரிய நிரலாக இல்லை. சர்வர்லெஸ் என்ற முறையில் எழுதியிருந்தோம். நமக்கென்று ஒரு கணினியை வாங்கி இரவும் பகலும் ஓடவிடுவதற்குப் பதிலாக, வேலையைச் சின்னச் சின்னத் துண்டுகளாக எழுதி கிளவுடில் ஏற்றி வைத்துவிடுவது. ஒவ்வொரு துண்டுக்கும் ஃபங்ஷன் என்று பெயர். கூப்பிட்டால் எழும், தன் வேலையைச் செய்யும், மறுபடி படுத்துவிடும். வீட்டில் அம்மாவிடம் “இன்னைக்கு நாலு ஃபங்ஷன் இருக்கும்மா” என்று சொன்னால், யார் வீட்டுக் கல்யாணம் என்று கேட்பார்.

முறையில் குறை ஒன்றும் இல்லை. நாங்கள் அதை வைத்திருந்த விதத்தில்தான் குறை. முப்பதுக்கும் மேற்பட்ட ஃபங்ஷன்கள். ஒவ்வொன்றையும் ஒவ்வொருவர் ஒவ்வொரு காலத்தில் எழுதி, தங்கள் லேப்டாப்பிலிருந்தே நேராக ஏற்றியிருந்தார்கள். எழுதியவர்களில் பாதிப்பேர் வேலையை விட்டுப் போயிருந்தார்கள். எது எதைக் கூப்பிடுகிறது, எதை மாற்றினால் எது உடையும் என்று முழுதாகச் சொல்லக்கூடிய ஆள் ஒருவரும் இல்லை. இது எனக்கு வேலையில் சேர்ந்த முதல் மாதத்திலேயே உறுத்தியது. ஒரு வீட்டுக்குக் கூரையை ஒருவர், கதவை ஒருவர், படியை ஒருவர் என்று அவரவர் விருப்பத்துக்குச் செய்து கொண்டுவந்து சாய்த்து வைத்துவிட்டுப் போனது போல இருந்தது.

எல்லாவற்றையும் ஒரே செயலியாகக் கட்டலாம் என்று நான் கேட்டேன். கேட்டுக்கொண்டே இருந்தேன். எந்தெந்த ஃபங்ஷன் இருக்கிறது, எதற்கு எதைத் தொட அனுமதி, எது எந்த நேரத்தில் எழ வேண்டும் என்பதையெல்லாம் ஒரே கோப்பில் எழுதிவிட வேண்டும். பிறகு ஒரே கட்டளை. அத்தனையும் சேர்ந்தே ஏறும். நடுவில் ஒன்று தடுக்கினாலும் அத்தனையும் சேர்ந்தே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அதே கோப்பை வைத்து இன்னொரு நகல் உண்டாக்கி, நிஜ நோயாளிகளைத் தொடாமல் சோதித்தும் பார்க்கலாம். இதில் நான் கண்டுபிடித்தது ஒன்றும் இல்லை. உலகத்தில் பலரும் செய்வதுதான்.

போஸ் சொன்ன பதில் எப்போதும் ஒன்றுதான். “ஓடிக்கிட்டு இருக்கிறத ஏம்மா நோண்டுற? கஸ்டமர் கேட்டானா? கேக்கல லா.”

எங்களுக்கு ஒரு தலைமைப் பொறியாளர் இருந்தார். கோலாலம்பூரில் பெரிய இடத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். போஸ் அவர் பேச்சைத் தட்டமாட்டார். அவர் ஆங்கிலத்தில், சிரித்துக்கொண்டே, சர்வர்லெஸ்ஸின் அழகே தனித்தனியாக இருப்பதுதான், நீ அதை மறுபடியும் மூட்டை கட்டப் பார்க்கிறாய் என்றார். தனித்தனியாக இருப்பது வேறு, யாருக்கும் யாரையும் தெரியாமல் இருப்பது வேறு என்று நான் சொன்னேன். அவர் தன் காப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அப்படியிருந்த நாளில்தான் அந்தத் திங்கட்கிழமை வந்தது.

கெலுகோரில் இருக்கும் நிலையத்தின் மேலாளர் போனில் கூப்பிட்டார். போஸ் போனை மேஜையில் வைத்து எல்லோரும் கேட்கும்படி ஒலியைக் கூட்டினார். பாலிக் புலாவ் பக்கம் போக வேண்டிய வேன் போகவில்லை, மூன்று நோயாளிகள் வரவில்லை என்றார் மேலாளர். இரண்டு பேரைப் பிள்ளைகள் தாங்களே காடி ஓட்டித் தாமதமாகக் கொண்டுவந்து விட்டார்களாம். ஒருவர் வரவே இல்லை.

“டிரைவர் என்னா சொல்றாரு?” என்று கேட்டார் போஸ்.

“மெசேஜ் வரலன்னு சொல்றாரு. மத்த டிரைவர் எல்லாருக்கும் வந்திருக்கு. இவருக்கு மட்டும் எப்புடி வராம போகும்?”

“போன ஆஃப் பண்ணிட்டுத் தூங்கிருப்பாரு. எங்க சிஸ்டம் ஓடுது. நான் இப்ப ஸ்கிரீன்லயே பாத்துக்கிட்டுதான் இருக்கேன்.”

திரையில் இருந்தது எல்லாம் பச்சை நிறம்தான். ஒவ்வொரு ஃபங்ஷனும் எழுந்து, வேலையைச் செய்து, பிழை இல்லாமல் படுத்துவிட்டதாகப் பச்சை சொன்னது. போஸ் பொய் சொல்லவில்லை. தெரியாததைத் தெரிந்தது போலச் சொன்னார். மேலாளர், “சரி, அவர நான் பாத்துக்கிறேன்” என்று வைத்துவிட்டார். அந்த ‘பாத்துக்கிறேன்’ எனக்குப் பிடிக்கவில்லை.

மதியம் நான் கெலுகோருக்குப் போனேன். அவருடைய போனை ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லித்தான் போனேன். போஸ் தடுக்கவில்லை, ஆர்வமும் காட்டவில்லை. நிலையத்தின் பின்பக்கம் வேன்கள் நிற்கும் இடத்தில் அவர் ரப்பர் குழாயைப் பிடித்து ஒரு வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். ஐம்பதையொட்டிய தமிழ் முஸ்லிம். சட்டைக் கையை மேலே சுருட்டியிருந்தார். மூன்று வேன்கள் கழுவி முடித்து வரிசையாக நின்றன. நான் யார் என்று சொன்னதும் தண்ணீரை நிறுத்தினார்.

“நீங்கதான் அந்த மெசேஜ் அனுப்புற கம்பெனியா?”

“ஆமாண்ணே.”

“நல்லாருக்கு. சாவிய வாங்கிட்டாங்க. வேன் கழுவச் சொல்லிட்டாங்க. எத்தன வருசமா ஓட்டுறேன், நான் போனை ஆஃப் பண்ணி வச்சேனாம். டயாலிசிஸ் பேசன்ட ஏத்துறவன் போனை ஆஃப் பண்ணுவானா தங்கச்சி? எனக்குப் புத்தி இல்லையா?”

“உங்க போனப் பாக்கலாமாண்ணே?”

கையைச் சட்டையில் துடைத்துவிட்டுக் கொடுத்தார். சனிக்கிழமை காலைச் செய்தி இருந்தது. அதற்கு முன் ஒவ்வொரு வேலை நாளின் செய்தியும் இருந்தது. திங்கட்கிழமைக்கானது மட்டும் இல்லை. அழித்த தடயமும் இல்லை. வேறு ஏதாவது மாறியதா என்று கேட்டேன். போன வாரக் கடைசியில் பழைய வேனை எடுத்துக்கொண்டு அவருக்குப் புது வேன் கொடுத்தார்கள், அவ்வளவுதான் என்றார். சனிக்கிழமை பழையதுதான் ஓட்டினாராம். திங்கட்கிழமைதான் புதியதில் முதல் நாள்.

“மெசேஜ் இல்லன்னா அன்னைக்கி டிரிப் இல்லன்னு அர்த்தம். அப்புடித்தான் எங்களுக்குச் சொல்லி வச்சிருக்காங்க. சில நாளு பேசன்ட் ஹாஸ்பிடல்ல இருப்பாங்க, டிரிப் இருக்காது. அதான் நேரா இங்க வந்து உக்காந்திருந்தேன். இங்கதான் இருந்தேன் தங்கச்சி. ஒரு ஆளு வந்து, ஏன் நீ போகலன்னு கேட்டிருந்தா அப்பவே ஓடியிருப்பேன் லா.”

 அவர் அங்கேயே இருந்திருக்கிறார். வண்டியும் அங்கேயே இருந்திருக்கிறது. அன்று வராமல் போன அந்த நோயாளி, ஒரு அக்கா, பாலிக் புலாவில் தன் வீட்டு எதிரே இருக்கும் பஸ் நிறுத்தத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று பிறகு தெரிந்தது. இரண்டு பக்கமும் ஆள் தயார். நடுவில் இருந்த நாங்கள்தான் ஊமையாகிவிட்டோம்.

ஆப்பீசுக்குத் திரும்பி, வேனை ஒதுக்கும் ஃபங்ஷனையும் ஓட்டுநருக்குச் செய்தி அனுப்பும் ஃபங்ஷனையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்தேன். கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல். ஒதுக்கும் ஃபங்ஷன் முந்தின வெள்ளிக்கிழமை மாற்றப்பட்டிருந்தது. முன்பெல்லாம் அது வேனை அதன் நம்பர் பிளேட்டால் அடையாளம் சொல்லும். இப்போது உள்ளே ஒரு புதிய அடையாள எண்ணால் சொல்லத் தொடங்கியிருந்தது. செய்தி அனுப்பும் ஃபங்ஷனை இரண்டு வருடமாக யாரும் தொடவில்லை. அது இன்னும் நம்பர் பிளேட்டையே தேடிக்கொண்டிருந்தது. பழைய வேன்களுக்கு அடையாள எண்ணாக நம்பர் பிளேட்டையே போட்டு வைத்திருந்ததால் இரண்டும் ஒத்துப்போயின. புதிதாக வந்த ஒரே வேனுக்கு மட்டும் ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போகாததை அந்த ஃபங்ஷன் பிழை என்று கத்தாமல் பேசாமல் விட்டுவிட்டுப் போயிருக்கிறது. அதனால்தான் திரையில் பச்சை.

மாற்றியவர் தலைமைப் பொறியாளர். வெள்ளிக்கிழமை மாலை, தன் லேப்டாப்பிலிருந்து.

நான் அவர் மேஜைக்குப் போய்க் காட்டினேன். அவர் சற்று நேரம் பார்த்தார். தன் ஃபங்ஷனைச் சோதித்துத்தான் ஏற்றியதாகவும், அது சரியாக ஓடுவதாகவும், மற்றது தன்னுடையது இல்லை என்றும் சொன்னார். அவர் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. அவருடையது சரியாகத்தான் ஓடியது. மற்றது அவருடையது இல்லைதான். யாருடையதும் இல்லை. நோயாளிக்கு மட்டும் வண்டி வரவில்லை.

போஸ் அறைக்குப் போனேன். அவர் முழுதாகக் கேட்டார். அதைச் சொல்ல வேண்டும், அவர் கேட்காத ஆள் இல்லை. கேட்டு முடித்துக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“சரிம்மா. ஃபிக்ஸ் பண்ணிடு. கஸ்டமர்ட்ட நெட்வொர்க் பிரச்சினன்னு சொல்லிக்கலாம்.”

“அப்ப அந்த டிரைவர்?”

“அது அவங்க உள் விவகாரம். அவங்க ஆளு, அவங்க பாத்துப்பாங்க.”

“அவர் போனை ஆஃப் பண்ணிட்டுத் தூங்கிருப்பாருன்னு சொன்னது நீங்க போஸ். அவங்க சொல்லல.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “ரெண்டு மாசத்துல காண்ட்ராக்ட் புதுப்பிக்கணும். இப்பப் போயி எங்க ஆளு தப்புதான்னு சொன்னா என்னா ஆகும் தெரியுமா? உனக்கும் சேத்துதான் சோறு.”

அவர் பயந்தது எனக்குப் புரிந்தது. ஆப்பீசில் பத்துப் பேர் இருந்தோம். ஆனால் புரிந்தது என்பதற்காக என் கோபம் ஒரு இம்மிகூடக் குறையவில்லை. எங்கள் பத்துப் பேரின் சோற்றுக்கு அந்த மனிதர் ஏன் வேன் கழுவ வேண்டும்? நெட்வொர்க் என்று சொன்னாலும், மற்றவர்களுக்கு வந்த நெட்வொர்க் இவருக்கு மட்டும் ஏன் வரவில்லை என்ற அதே கேள்வி அவர் தலையிலேயே போய் விழும். அதைச் சொன்னேன். போஸ் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு திரையைப் பார்க்கத் தொடங்கினார்.

மறுநாள் விஷயம் இன்னும் கனத்துவிட்டது. வராத அந்த அக்காவுக்கு மூச்சுத் திணறி, வீட்டார் மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள் என்று மேலாளர் சொன்னார். உடம்பில் நீர் கோத்துக்கொண்டது. பிழைத்துக்கொள்வார் என்றும் சொன்னார். பிறகு அவர் சொன்ன ஒரு வாக்கியம்தான் என்னை இருக்கையிலிருந்து எழுப்பியது. வேன் வந்து அந்த அம்மா வெளியே நிற்காததால் திரும்பியிருக்கலாம் அல்லவா, அதையும் விசாரிக்கிறோம் என்றார். ஓட்டுநர் போதாதென்று இப்போது நோயாளி மேலும் பழி.

அன்று பிற்பகல் போஸ் கெலுகோர் நிலையத்துக்குப் பேசக் கிளம்பினார். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். நீங்கள் கூட்டிப்போகாவிட்டாலும் நான் என் காடியில் வருவேன் என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி ஏறு” என்றார். ஜெலுத்தோங் சாலை முழுக்க நெரிசல். மழை வேறு.

மேலாளர் அறையில் போஸ் முதலில் பேசினார். தொழில்நுட்பக் கோளாறு, தற்செயல், இனி நடக்காது என்று சுற்றிச் சுற்றி வந்தார். நெட்வொர்க் என்ற சொல்லை மட்டும் அவர் சொல்லவில்லை. நான் காத்திருந்தேன். அவர் மூச்சு விட நிறுத்திய இடத்தில், “தப்பு எங்களோடது” என்றேன். புது வேன், பழைய நம்பர், மாறிய ஃபங்ஷன், மாறாத ஃபங்ஷன் எல்லாவற்றையும் சொன்னேன். டிரைவர் போனுக்குச் செய்தி வரவே இல்லை, நாங்கள் அனுப்பவே இல்லை, பாலிக் புலாவுக்கு எந்த வேனும் போய்த் திரும்பவும் இல்லை என்றேன்.

மேலாளர் போஸைப் பார்த்தார். “இது உண்மையா?”

போஸ், “உண்மைதான்” என்றார்.

“அப்ப ஏன் நேத்து அப்புடிச் சொன்னீங்க?”

 எங்களை வெளியே உட்காரச் சொன்னார்கள். பிறகு திரும்பினோம். கடைவீட்டுப் படி ஏறும்போது போஸ், “நீ என்னய அசிங்கப்படுத்திட்ட” என்றார். “இல்ல போஸ்” என்றேன்.  அன்று வேலையை விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

காண்ட்ராக்ட் போகவில்லை. மறைத்திருந்தால் போயிருக்கும் என்று மேலாளரே பிறகு சொன்னார். ஓட்டுநருக்கு அந்த வாரமே சாவி திரும்பக் கிடைத்தது. ஆனால் யாரும் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. வேன் கழுவ வைத்த மேலாளர் சாவியை நீட்டி “நாளையிலருந்து ஓட்டுங்க” என்றாராம், அவ்வளவுதான். நான் போய் எங்கள் சார்பில் மன்னிப்புக் கேட்டபோது அவர் தலையை ஆட்டினார்.

“நீங்க கேட்டுட்டீங்க. சந்தோசம். ஆனா நீங்க என்னய ஒண்ணும் சொல்லலயே தங்கச்சி. சொன்னவங்க கேக்கணும் லா.”

அந்தப் பாலிக் புலாவ் அக்காவையும் பிறகு நிலையத்தில் பார்த்தேன். தையல் வேலை செய்பவர். கையில் குழாய் மாட்டிப் படுத்திருந்தார். நான் இன்னார் என்று சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியைக் காட்டினார்.

“நான் லேட்டா வந்தேனான்னு கேட்டாங்களாமே? இங்க படுத்திருக்கிறவ லேட்டா வருவாளா? ஒரு நாள் விட்டா என்னா ஆவும்னு எனக்குத்தானே தெரியும்.”

“யாரும் இனிமே அப்புடிக் கேக்க மாட்டாங்கக்கா.”

“கேப்பாங்க” என்றார் அவர். “எங்களத்தான் மொதல்ல கேப்பாங்க.”



அதற்கு அடுத்த வாரம் போஸ் என்னைக் கூப்பிட்டு, “அந்த ஒரே மூட்ட வேல, செய்” என்றார். அனுமதியைவிட அந்த ‘மூட்ட’ என்ற சொல் எனக்குச் சுட்டது. இருந்தாலும் தொடங்கினேன். என்னோடு ஒரு சீனப் பெண்ணும் சேர்ந்துகொண்டாள். கவனமாக வேலை செய்பவள், அதிகம் பேசமாட்டாள்.

முதலில் என்னென்ன இருக்கிறது என்று எண்ணவே பல நாள் ஆனது. ஒரே வேலையைச் செய்யும் இரண்டு ஃபங்ஷன்கள் இருந்தன. வேறொன்றை யாரும் கூப்பிடவில்லை, ஆனால் அது தினமும் தானாக எழுந்துகொண்டிருந்தது. எழுந்து என்ன செய்கிறது என்று பார்த்தால், அன்றைய நோயாளிகளின் பெயர், வீட்டு முகவரி, சிகிச்சை நேரம் எல்லாவற்றையும் எங்களிடமிருந்து எப்போதோ வேலையை விட்டுப் போன ஒருவரின் மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. சோதனைக்காக அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்டது. போகும்போது அவரும் மறந்தார், நாங்களும் கேட்கவில்லை. சீனப் பெண் திரையைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அவளிடம் சொல்லிவிட்டு அந்த நிமிடமே அதை நிறுத்தினேன். பிறகு போஸிடம் சொன்னேன். இந்தத் தடவை அவர் யாரும் கேட்கும் முன்பே, தானே மேலாளருக்குப் போன் பண்ணினார். அந்தப் பழைய ஊழியரையும் கூப்பிட்டு எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னார். எனக்கு அது கொஞ்சம் ஆறுதல். ஆனால், மற்றவர்களின் நோயை இத்தனை காலம் வெளியாளுக்கு அனுப்பிவிட்டு அதை மறந்தும் போயிருந்தோமே என்ற கோபம் ஆறவில்லை.

பிறகு எல்லா ஃபங்ஷன்களையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தோம். அந்த ஒரே கோப்பில் ஒவ்வொன்றையும் எழுதினோம். செய்தி அனுப்பும் ஃபங்ஷன் வேன் விவரத்தைப் படிக்கலாம், நோயாளியின் மருத்துவ விவரத்தைப் படிக்கக் கூடாது. ஒதுக்கும் ஃபங்ஷன் இத்தனை மணிக்கு எழ வேண்டும். வேன் பொருந்தாவிட்டால் பேசாமல் போகக் கூடாது, நிலையத்துக்கு உடனே எச்சரிக்கை போக வேண்டும். அதே கோப்பிலிருந்து சோதனைக்காக ஒரு நகலை எழுப்பி, இல்லாத நோயாளிகளையும் இல்லாத வேன்களையும் போட்டு, அந்தத் திங்கட்கிழமையை மறுபடி நடத்திப் பார்த்தோம். பழைய ஃபங்ஷன்களோடு ஓட்டினால் புது வேனுக்குச் செய்தி போகவில்லை. திருத்தியவற்றோடு ஓட்டினால் போனது. சீனப் பெண் தன்னை அறியாமலே என் தோளில் தட்டினாள்.

நிஜமானதை ஏற்றும் நாள், ஒரு புதன்கிழமை காலை. அன்றைய செய்திகள் எல்லாம் போய்விட்டன, அடுத்த செய்திகள் போவதற்கு நிறைய நேரம் இருந்தது. போஸ் என் பின்னால் நின்றார். கட்டளையைக் கொடுத்தேன். ஒவ்வொன்றாக ஏறியது. பாதிக்கு மேல் போனதும் திரையில் சிவப்பு. யாரோ எப்போதோ கையால் உண்டாக்கி வைத்த, செய்திகள் போகும் முன் காத்திருக்கும் வரிசை ஒன்று, அதே பெயரில் ஏற்கெனவே இருந்தது. அதனால் புதியதை உண்டாக்க முடியவில்லை. ஏறியதெல்லாம் தானாகவே ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கியது.

“என்னம்மா இது? இதுக்குத்தானா இவ்வளவு நாளு?” போஸ் குரல் உயர்ந்தது. தலைமைப் பொறியாளர் தன் இடத்திலிருந்து எட்டிப் பார்த்து, நான் அப்போதே சொன்னேன் என்பது போல உதட்டைப் பிதுக்கினார்.

எனக்கு அப்போது வந்த கோபம், அந்தத் திங்கட்கிழமைக்குக் குறைந்ததில்லை. “போஸ், ஒண்ணும் ஒடையல. பாருங்க. முன்னாடி எப்புடி இருந்துச்சோ அப்புடியே இருக்கு. வேன் எல்லாம் ஓடிக்கிட்டுதான் இருக்கு. பாதி ஏறி, பாதி ஏறாம நின்னிருந்தாத்தான் நாளைக்கு யாராவது பஸ் ஸ்டாப்ல உக்காந்திருப்பாங்க. இதுக்காகத்தான் நான் இவ்வளவு நாளா கேட்டேன்.”

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்தப் பழைய வரிசையில் ஒன்றும் மிச்சமில்லை என்று உறுதி செய்துவிட்டு, நாங்கள் கோப்பில் வேறு பெயர் கொடுத்தோம். மறுபடி கட்டளை. இந்தத் தடவை கடைசிவரை ஏறியது. மறுநாள் எல்லா ஓட்டுநருக்கும் செய்தி போனது. ஒவ்வொருவரும் பார்த்துவிட்டதாக நிலையமே உறுதி சொன்னது. நான் அதுவரை போனைக் கையிலேயே வைத்திருந்தேன்.

கொஞ்ச நாளில் தலைமைப் பொறியாளர் ஒரு தொழில்நுட்பக் கூட்டத்தில் எங்கள் ‘மாற்றத்தை’ப் பற்றிப் பேசினார். படங்கள் நன்றாக இருந்தன. நானும் சீனப் பெண்ணும் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டோம். குழு என்று ஒரு தடவை சொன்னார். ஓட்டுநரைப் பற்றியோ அந்த அக்காவைப் பற்றியோ ஒன்றும் இல்லை. பக்கத்தில் இருந்தவள் என்னிடம், எழுந்து போகலாமா என்று கேட்டாள். போனோம். வெளியே பனிக்கட்டி போட்ட சென்டோல் சாப்பிட்டோம்.

அந்த வேலையோடு நான் இன்னொன்றும் செய்திருந்தேன். லேப்டாப்பிலிருந்து நேராக ஏற்றும் உரிமையை எல்லோரிடமிருந்தும் எடுத்துவிட்டேன், என்னுடையதையும் சேர்த்து. இனி எந்த மாற்றமும் அந்த ஒரே கோப்பின் வழியாக, இன்னொருவர் பார்த்த பிறகு, எல்லாவற்றோடும் சேர்ந்துதான் ஏறும். ஒரு வெள்ளிக்கிழமை மாலை தலைமைப் பொறியாளர் என் மேஜைக்கு வந்தார். சின்ன மாற்றம், ஒரே வரி, தன் உரிமையை அரை மணி நேரத்துக்குத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். ஒரே வரிதானே என்றார். போன தடவையும் ஒரே வரிதான் என்றேன்.

அவர் போஸிடம் போனார். போஸ் என்னைக் கூப்பிட்டார்.

“அவர் சீனியர்ம்மா.”

“தெரியும் போஸ்.”

“அவருக்குக்கூட குடுக்க மாட்டியா?”

“எனக்கே இல்ல போஸ். அந்த வரிய அனுப்பச் சொல்லுங்க, இப்பவே ஒக்காந்து பாக்குறேன். எல்லாத்தோடயும் சேந்து திங்கக்கெழம ஏறட்டும்.”

போஸ் நாற்காலியில் சாய்ந்தார். கீழே சேலைக்கடையில் ஷட்டரை இழுத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு, வாசலில் நின்றவரைப் பார்த்து ஆங்கிலத்தில், அவள் சொல்கிறபடி செய்யுங்கள் என்றார்.

  நான் என் இடத்துக்கு வந்து அந்த ஒரு வரிக்காகக் காத்திருந்தேன். வந்தது. படித்துப் பார்த்தேன். அதில் ஒரு தவறு இருந்தது.